காஸ்டிக் சோடாவும் மிதிவண்டியும்: ஒரு செய்முறையின் நிறைகுறைகள்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஆனால் 'வீட்டிலேயே செய்து பாருங்கள்' என்று பரவும் செய்முறைக் குறிப்புகளை மட்டும் யாரும் விமர்சனம் செய்வதில்லை. ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார், மூன்றாமவர் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து நான்காமவரிடம் கொடுக்கிறார். ஒரு கதை சரியில்லையென்றால் படித்தவருக்கு ஒரு மணி நேரம் வீண், அவ்வளவே. ஒரு செய்முறை சரியில்லையென்றால் கண்ணே போகலாம். எனவே அப்படிப்பட்ட குறிப்பு ஒன்றை எடுத்து, ஒரு நூலைப் படிப்பது போல வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்.

மிதிவண்டியின் அலுமினிய உறுப்புகளின் மேல் 'ஆனோடைசிங்' என்று ஒரு மேற்பரப்பு வேலை செய்திருப்பார்கள். அதை வீட்டிலேயே நீக்கி, உலோகத்தைக் கண்ணாடி போலப் பளபளக்கச் செய்வதற்கான குறிப்பு இது. 1970, 1980-களில் இத்தாலி, பிரான்சு, ஜப்பான் நாடுகளில் செய்யப்பட்ட பந்தய மிதிவண்டிகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்குப் பொழுதுபோக்கு. மங்கிக் கீறல் விழுந்த கிராங்கையும் பிரேக் லீவரையும் புதிது போலாக்க விரும்பியவர்களிடையே பிறந்த குறிப்பு இது. நம் ஊரில் தாத்தா ஓட்டிய சைக்கிளுக்கு இது தேவைப்படவில்லை. அதன் ரிம்மும் ஹேண்டில் பாரும் குரோமியம் பூசிய எஃகு. கியர் வைத்த சைக்கிள்கள் பரவிய பிறகு, அலுமினிய உறுப்புகள் நம் மாணவர் கைக்கும் வந்துவிட்டன. அவற்றோடு இந்தக் குறிப்பும் வந்துவிட்டது. என் வகுப்பு மாணவர் ஒருவர், "சார், கறுப்பு கிராங்கை வெள்ளியாக்க வேண்டும், காஸ்டிக் சோடா போதுமாமே!" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

குறிப்பின் சாரம் இதுதான். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரை; அல்லது மேல்நாட்டுச் சமையலறைகளில் அடுப்பு அடுமனையைக் கழுவும் நுரைமருந்தைத் தெளி. உறுப்பை அதில் போடு. நன்றாக நுரைத்துப் பொங்கும். பூச்சு கழன்று வருவதற்கு அதுவே அடையாளம். வேகம் போதாவிட்டால் வெந்நீர் ஊற்று. நிறம் போனதும் எடுத்து, வினிகரில் அலசி, கருப்புப் படிவைத் தேய்த்துவிட்டுப் பாலிஷ் போடு. கையுறை அணிய மறவாதே.

படிக்க எளிது. செலவும் குறைவு. உப்புத்தாள் நுழையாத மூலைகளிலும் திரவம் நுழையும். இந்த மூன்று நிறைகளையும் நான் மறுக்கவில்லை. ஆனால் குறிப்பின் நடுவில் இருக்கும் ஒரு வாக்கியம் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நேர் எதிராக நிற்கிறது. அது எதுவென்று தெரிய, ஆனோடைசிங் என்றால் என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

குறிப்பை எழுதுவோர் ஆனோடைசிங்கை ஒரு பெயிண்ட் போலவே பேசுகிறார்கள். அது பெயிண்டும் அன்று, முலாமும் அன்று. பெயிண்டும் முலாமும் வெளியிலிருந்து வந்து உலோகத்தின் மேல் உட்கார்பவை. ஆனோடைசிங் அந்த உலோகத்திலிருந்தே வளர்வது. அலுமினியம் காற்றில் பட்டவுடன் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று தானாகவே உண்டாகிறது. அதன் தடிமன் 2 முதல் 4 நானோமீட்டர் வரைதான். இத்தோலை மின்சாரத்தின் உதவியால் தடிமனாக்குவதே ஆனோடைசிங். நீர்த்த கந்தக அமிலத்தில் அலுமினியத்தை நேர்மின்வாயாக, அதாவது ஆனோடாக, வைத்து, 12 முதல் 18 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். நேர்மின்வாயில் சேரும் ஆக்சிஜன், அங்குள்ள அலுமினியத்தோடு கூடி ஆக்சைடாகிறது. அழகுக்காகவும் பொதுப் பாதுகாப்புக்காகவும் செய்யும் படலம் 5 முதல் 25 மைக்ரான் தடிமன் கொண்டது. கடின ஆனோடைசிங் என்ற வகை இன்னும் தடிமனானது. கறுஞ்சாம்பல் நிறச் சமையல் பாத்திரங்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். 10 மைக்ரான் படலத்தையே எடுத்துக்கொண்டாலும், அது இயற்கைத் தோலைப்போல ஏறக்குறைய 3,000 மடங்கு தடிமனாகிறது.

இதைத் தொழில்முறையில் முதலில் பயன்படுத்தியது மிதிவண்டிக்காக அல்ல, விமானத்துக்காக. டூராலுமின் என்ற செம்பு கலந்த அலுமினியக் கலப்புலோகத்தை ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் 1906-இல் கண்டறிந்தார். வலிமை மிக்கது, ஆனால் உப்புநீர் பட்டால் அரிக்கும். கடலில் இறங்கும் விமானங்களில் இது பெரும் தொல்லையாயிற்று. 1923-இல் இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர் குரோமிக் அமிலத்தைக் கொண்டு ஆக்சைடுப் படலம் வளர்க்கும் முறையைக் கண்டனர். 1927-இல் கந்தக அமில முறை வந்தது. இன்று மிதிவண்டி உறுப்புகளில் நாம் காண்பது பெரும்பாலும் இந்தப் பின்னதே.

நிறம் எப்படி ஏறுகிறது? ஆக்சைடுப் படலம் கெட்டியான பலகை போன்றதன்று. தேனடை போல அறுகோண அறைகளும், ஒவ்வோர் அறையின் நடுவிலும் நுண்ணிய துளையும் கொண்டது. 1953-இல் அமெரிக்க அல்கோவா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கெல்லர், ஹண்டர், ராபின்சன் மூவரும் மின்னணு நுண்ணோக்கியின் துணையோடு இவ்வமைப்பை விளக்கினர். துளைகளுக்குள் சாயத்தை ஊறவைத்து, பிறகு கொதிநீரில் போட்டால் ஆக்சைடு நீரை ஏற்று ஊதித் துளைவாய் அடைபட்டுவிடும். சாயம் உள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. வெள்ளியாகத் தோன்றும் உறுப்பும் ஆனோடைஸ் செய்யப்பட்டதாக இருக்கலாம். அங்கே படலம் உண்டு, சாயம் இல்லை.

இப்போது காஸ்டிக் சோடாவுக்கு வருவோம். அது ஆக்சைடைக் கரைக்குமா? நன்றாகக் கரைக்கும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் யோசஃப் பேயர் 1888-இல் காப்புரிமை பெற்ற முறையில்தான் இன்றும் உலகில் பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினிய ஆக்சைடைப் பிரிக்கிறார்கள். சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் தாதுவின் அலுமினியப் பகுதி கரைந்துவிட, இரும்புப் பகுதி செஞ்சேறாகத் தங்கிவிடும். சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டை மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலை பல ஆண்டுகள் இப்படித்தான் கரைத்துவந்தது. இப்போது அந்த வேலை அங்கு நின்றுவிட்டது. மேட்டூரில் பெரிய கலன்களில் நடந்ததையே நம் மாணவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் செய்யப் பார்க்கிறார் எனலாம்.

இங்கேதான் கவனம் தேவை. ஆக்சைடு காஸ்டிக் சோடாவில் கரையும்போது சோடியம் அலுமினேட் உண்டாகிறது. வாயு எதுவும் வெளிவருவதில்லை. அலுமினியம் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டதால், வினை சத்தமில்லாமல் நடக்கும். ஆனால் ஆக்சைடு போய், வெற்று அலுமினியம் கரைசலைத் தொட்டால் கதை வேறு. உலோகம் நீரிலிருந்து ஹைட்ரஜனைத் துரத்திவிட்டுக் கரைகிறது. குமிழி எழுகிறது, நுரை பொங்குகிறது.

அப்படியானால் குமிழி சொல்வது என்ன? 'பூச்சு கழல்கிறது' என்றல்ல. 'இந்த இடத்தில் பூச்சு தீர்ந்துவிட்டது. உன் கிராங்கைத் தின்னத் தொடங்கிவிட்டேன்' என்பதே. குறிப்பு எதை வேலையின் அடையாளமாகச் சொல்கிறதோ, அதுவே வேலை முடிந்ததற்கான மணி. மணி அடித்த பிறகு வெந்நீர் ஊற்றச் சொல்கிறது குறிப்பு!

இதை நம்பத்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துக் காட்டினோம். அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் வெட்டிப் போட்ட சட்டத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினோம். அதன் பக்கங்களில் ஆனோடைசிங் இருக்கும். இரம்பத்தால் அறுத்த இரு முனைகளிலும் இருக்காது. கண்ணாடிக் குவளையில் நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் அதைத் தொங்கவிட்டோம். அறுத்த முனைகளில் சற்று நேரத்திலேயே குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பின. பக்கங்களோ சலனமற்று இருந்தன. சில நிமிடங்கள் கழித்துப் பக்கங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி தோன்றி, மெல்லப் பரவியது. அதற்குள் முனைகளின் கூர்மை மழுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதையே கிராங்கில் பொருத்திப் பாருங்கள். ஏற்கெனவே கீறல் விழுந்த இடம், காலணி உரசித் தேய்ந்த இடம், பெடலைத் திருகும் மரை ஆகிய இடங்களில் படலம் மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கரைசல் முதலில் தின்பது அவற்றைத்தான். எந்த இடத்தில் அளவு மாறக் கூடாதோ, அந்த மரை அரிபட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் தொடாத உட்பக்கத்தில் கறுப்பு அப்படியே இருக்கும். 'இன்னும் போகவில்லையே' என்று நாமும் காத்திருப்போம்.

அளவு என்ற சொல் வந்ததால் ஒரு சிறு கணக்கும் போட்டுவிடுவோம். கிராங்கின் ஒரு கையின் மேற்பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. என்று கொள்வோம். படலம் 10 மைக்ரான். அதன் கன அளவு 0.15 கன செ.மீ.; எடை சுமார் 0.4 கிராம். 102 கிராம் அலுமினிய ஆக்சைடைக் கரைக்க 80 கிராம் காஸ்டிக் சோடா போதும் என்பது வேதிச் சமன்பாடு. ஆகவே நம் படலத்துக்குத் தேவைப்படுவது சுமார் 0.3 கிராம், அதாவது ஒரு சிட்டிகை! ஓரளவு வேகமாக வேலை நடக்க இதைவிடக் கூடுதலாகப் போடத்தான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறிப்புகளில் என்ன அளவு சொல்கிறார்கள்? லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி என்பார் ஒருவர். சிறிய தொட்டியில் கால் கிலோப் பொட்டலத்தையும் கொட்டு என்பார் இன்னொருவர். கால் கிலோ காஸ்டிக் சோடா ஏறத்தாழ 170 கிராம் அலுமினிய உலோகத்தைக் கரைக்க வல்லது. ஒரு கிராங்கின் எடையில் பெரும்பகுதி அது. படலத்துக்கு ஒரு சிட்டிகை. மிச்சமெல்லாம் உலோகத்துக்காகக் காத்திருக்கிறது.

கரைசல் படலத்தோடு நின்றுவிடாது என்பதற்கு மிதிவண்டிப் பட்டறைகளிலேயே சான்று உண்டு. சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாய் எஃகுச் சட்டத்துக்குள் இறுகிப்போய் எந்த வகையிலும் வெளியே வராவிட்டால், மேல்நாட்டுப் பழுதுபார்ப்போர் கடைசி வழியாக அதற்குள் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி, குழாய் முழுவதையும் கரைத்தே எடுத்துவிடுகிறார்கள். அங்கே அது நோக்கம். இங்கே அதுவே விபத்து.

அடைபட்ட சாக்கடைக் குழாயைத் திறக்கும் தூள்களிலும் இதே கதைதான். அவற்றில் சில வகைகளில் காஸ்டிக் சோடாவோடு அலுமினியச் சீவல்களையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். ஏன் தெரியுமா? இரண்டும் நீரில் சேர்ந்தால் கடும் வெப்பம் பிறக்கும். அந்தச் சூட்டில் அடைப்பின் கொழுப்பு இளகும். வெப்பத்துக்காகவே தேர்ந்தெடுத்த ஒரு வினையை 'பூச்சு நீக்கும் முறை' என்று வீட்டுக்குள் அழைத்துவருகிறோம். அடுமனை கழுவும் நுரைமருந்துக் குப்பிகளிலும் 'அலுமினியத்தின் மேல் பயன்படுத்தக் கூடாது' என்று அச்சிட்டிருப்பார்கள். குறிப்பு எழுதுவோர் அந்த எச்சரிக்கையையே சிபாரிசாக மாற்றிப் படித்துவிட்டார்கள் போலும்.

வெந்நீர் யோசனை எனக்குப் பெருங்கவலை தருகிறது. ஒரு கிராம் அலுமினியம் காஸ்டிக் சோடாக் கரைசலில் கரையும்போது சுமார் 15 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அது ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை மூன்றரை டிகிரி உயர்த்தப் போதும். காஸ்டிக் சோடா நீரில் கரைவதாலேயே எழும் சூடு தனி. 3 லிட்டரில் கால் கிலோவைக் கரைத்தால் 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். இத்தகைய வினைகளின் வேகம் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 30 டிகிரித் தண்ணீருக்குப் பதில் 60 டிகிரி வெந்நீர் என்றால் எட்டு மடங்கு. வேகம் கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் வேகம் இன்னும் கூடும். உலை வைத்த சோறு பொங்கினால் தீயைக் குறைக்கலாம். இங்கே தீ கரைசலுக்குள்ளேயே இருக்கிறது. குறைக்கக் கைப்பிடி கிடையாது.

பொங்கும் ஹைட்ரஜனைப் பற்றியும் மிகையின்றிச் சொல்ல வேண்டும். ஒரு கிராம் உலோகத்திலிருந்து சுமார் 1.3 லிட்டர் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது பற்றக்கூடிய கலவை. ஒரு கிராங்கைக் கழுவுவதால் குளியலறை முழுவதும் வெடித்துவிடாது. அந்த அளவுக்கு வாயு சேராது. ஆனால் தெறிக்காமல் இருக்க வாளியை மூடி வைக்குமாறு சிலர் சொல்கிறார்கள் பாருங்கள், அது தவறு. மூடியின் கீழ் அந்த விழுக்காடு எளிதில் சேர்ந்துவிடும். மூடாவிட்டாலோ, வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாத காரத் துளிகளை மேலே வீசும். அருகில் நிற்பவர் தொண்டை கமறுவது அதனால்தான். திறந்த வெளியில், காற்று வரும் பக்கத்தில் நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

'கையுறை அணிய மறவாதே' என்ற வரிக்குக் குறிப்பெழுதியவரைப் பாராட்டலாம். ஆனால் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! கை தோலால் மூடப்பட்டது, கழுவலாம். கண்ணின் கருவிழிப் படலத்துக்கு அந்த வசதி இல்லை. அமிலம் பட்டால் திசுவின் புரதம் உறைந்து, அந்த உறைந்த படலமே அமிலம் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியன்று. திசுவின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே ஆழமாக இறங்கும். எரிச்சல் குறைந்தது போலத் தோன்றும்போதும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கலாம். ஒரு துளி பட்டாலும் அந்த நொடியிலிருந்தே ஓடும் நீரில் குறைந்தது அரை மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும்; பிறகு உடனே மருத்துவமனை. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ கண்ணுக்கும் தோலுக்கும் அருகில் கொண்டுவரக் கூடாது. காரத்துக்கு அமிலம் மாற்று என்பது சோதனைக் குழாயில் சரி. உடலின் மேல் அவ்வினையின் வெப்பம் வேறு சேரும். பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்தத் தூளின் பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது. தூளைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பள்ளி மாணவர் எவரும் இதை வீட்டில் தனியே செய்யக் கூடாது என்று சொல்ல நான் தயங்கவில்லை.

'நிறம் போனதும் எடு' என்ற வரிக்கு வருவோம். இதிலும் ஒரு பிழை. சாயம் ஓர் இடத்தில் இருப்பது வேறு, படலம் இருப்பது வேறு. காரம் சாயத்தை முதலிலேயே சிதைத்து வெளுத்துவிடலாம். படலம் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். வெள்ளி நிற ஆனோடைசிங்கிலோ போவதற்கு நிறமே இல்லை. பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? இயற்பியல் மாணவர் கையில் இருக்கும் மல்டிமீட்டரே போதும். அலுமினியம் மின்கடத்தி, அதன் ஆக்சைடு மின்கடத்தாப் பொருள். மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, இரு முனைகளையும் அழுத்தாமல் மேற்பரப்பில் வையுங்கள். படலம் இருந்தால் சுற்று திறந்தது போலக் காட்டும். இல்லையென்றால் தடை ஏறக்குறைய சுழி. ஊசி போன்ற முனையால் அழுத்திக் குத்தினால் படலம் துளைபட்டுத் தவறான விடை வரும்; ஆகவே முனையைப் படுக்கவைத்துத் தொடுவது நல்லது. இந்த எளிய சோதனை எந்தக் குறிப்பிலும் என் கண்ணில் படாதது வியப்பே.

தேய்த்துப் போக்கச் சொல்லும் 'கருப்புப் படிவு' அழுக்கன்று. மிதிவண்டி உறுப்புகள் தூய அலுமினியத்தால் ஆனவை அல்ல. செம்பு, மக்னீசியம், சிலிக்கன், துத்தநாகம் போன்றவை கலந்தவை. இவற்றுள் காரத்தில் கரையாதவை மேற்பரப்பில் பொடியாகத் தங்குகின்றன. படிவு தோன்றுகிறது என்றாலே கணிசமான உலோகம் கரைந்து போயிருக்கிறது என்று பொருள். தொழிற்சாலையில் இதை நைட்ரிக் அமிலத்தில் நீக்குவார்கள்.

அப்படியானால் உலோகத்தை விட்டுவிட்டு ஆக்சைடை மட்டும் கரைக்கும் திரவமே கிடையாதா? உண்டு. ஆய்வகங்களில் படலத்தின் எடையை அளக்க, பாஸ்பாரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்த கரைசலைக் கொதிநிலைக்கு அருகில் வைத்து அதில் துண்டை இடுவார்கள். படலம் முழுவதும் கரையும். உலோகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். துண்டின் எடை மேலும் குறையாத வரை திரும்பத் திரும்ப இட்டுப் பார்க்கலாம். நேர்த்தியான முறை! ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. வீட்டு வாசலுக்கே அது வரக் கூடாது. உப்புத்தாளால் தேய்ப்பது பாதுகாப்பான வழி. ஆனால் கை ஓயும். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பெரும்பாலும் அலுமினிய ஆக்சைடே அல்லவா? முள்ளை முள்ளால் எடுப்பது போலத்தான். ஈரப்படுத்தித் தேய்த்தால் தூசி பறக்காது.

இந்த வேலையைச் செய்வோர் சொல்லும் ஒரு வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். 'ஆனோடைசிங் உறுப்பைப் பலவீனப்படுத்துகிறது. நீக்குவது நல்லதே' என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆக்சைடு பீங்கானைப் போல நொறுங்கும் தன்மையுடையது. அடியிலுள்ள உலோகம் வளையும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது படலத்தில் தோன்றும் வெடிப்பு, உலோகத்துக்குள் இறங்க வழி செய்யும். 'தி பைசிகிள் வீல்' என்ற நூலை 1981-இல் எழுதிய அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட், தடித்த கறுஞ்சாம்பல் படலம் கொண்ட ரிம்கள் ஆரக்கால் துளைகளைச் சுற்றி வெடிக்கின்றன என்று நெடுங்காலம் வாதாடினார். ஆனால் அதிலிருந்து காஸ்டிக் சோடாவுக்குத் தாவ முடியாது. கரைசல் விட்டுச்செல்லும் மேற்பரப்பு வழவழப்பானதன்று. நுண்ணிய குழிகள் நிறைந்தது. ஒவ்வொரு குழியும் வெடிப்புத் தொடங்க ஓர் இடம். எஃகுக்கு உள்ளது போல 'இந்த அளவுக்குக் கீழ் எத்தனை முறை சுமை ஏற்றினாலும் உடையாது' என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஆகவே ஹேண்டில் பார், அதைப் பிடிக்கும் தண்டு, கிராங்க் ஆகிய சுமை தாங்கும் உறுப்புகளை இக்கரைசலில் போடவே கூடாது என்பது என் முடிவு. பிரேக் லீவரும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததே. அழகுக்காக மட்டும் இருக்கும் மணியின் மூடி போன்றவற்றை, பெரியவர் ஒருவர், நீர்த்த கரைசலில், குளிர்ந்த நீரில், குமிழி எழும் வரை மட்டும் வைத்து எடுக்கலாம். துத்தநாகம் பூசிய திருகாணிகளை முன்பே கழற்றிவிட வேண்டும். துத்தநாகமும் காரத்தில் கரையும்.

படலம் போன பிறகு என்ன ஆகும் என்பதைக் குறிப்பு சொல்வதேயில்லை. பாலிஷ் போட்ட அன்று உறுப்பு பிரமாதமாகத்தான் இருக்கும். இயற்கைத் தோல் உடனே வளரும், உண்மை. ஆனால் பழைய தடிமனில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. வியர்வையும் மழைநீரும் பட்டுச் சில வாரங்களில் மங்கத் தொடங்கும். மறுபடி தேய்க்க வேண்டும். உப்புக்காற்று வீசும் நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் இன்னும் அடிக்கடி தேய்க்க வேண்டியிருக்கும். நிறம் பிடிக்கவில்லை என்பதுதான் குறையென்றால், ஆனோடைசிங் செய்யும் பட்டறையிலேயே கொடுத்துப் பழைய படலத்தை நீக்கி வேறு நிறத்தில் புதிதாக ஏற்றித் தரச் சொல்லலாம். மெருகும் அளவும் சற்று மாறும் என்பதை அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள்.

சீட்டைத் தாங்கும் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது அலுமினியம், அது செருகப்படும் சட்டம் பல மிதிவண்டிகளில் எஃகு. இரு வேறு உலோகங்கள் உப்பு கலந்த ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு சிறு மின்கலம். அலுமினியம் நேர்மின்வாயாகி அரிபடும், அரிப்பின் விளைபொருள் ஊதிக் குழாயை இறுக்கும். ஆனோடைசிங் மின்கடத்தாப் படலமாதலால் இவ்விரு உலோகங்களுக்கும் நடுவே தடுப்பாக நிற்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் குழாயைச் செருகினால், சில பருவமழைகளுக்குப் பிறகு சீட்டை உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. குழாயின் வெளியே தெரியும் பகுதியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் செல்லும் பகுதியைத் தொடாமல், கிரீஸ் தடவிச் செருகுங்கள்.